நாலாம் நம்பர் குவியல்

அவரைத் தண்ணிக்காரர் என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். அந்தப் பெயரால் அவருடைய ஒரே மகளின் கல்யாணம் ஒருமுறை நிற்கப் பார்த்தது. மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்தபோது, அவர் வேலை பார்த்த யார்டின் வாசலில் நின்ற காவலாளியிடம், "பொண்ணோட அப்பா எப்படி?" என்று கேட்டிருக்கிறார்கள். "யாரு, நம்ம தண்ணிக்காரரா? காலையில ஏழு மணிக்கு ஆரம்பிச்சார்னா சாயந்தரம் வரைக்கும் தண்ணிதான். சில ஞாயித்துக்கிழமைகூட விடமாட்டார்" என்று அவன் பெருமையாகச் சொல்ல, சம்பந்தியாக வரவேண்டியவர் வந்த வழியே திரும்பிவிட்டார். ஒரு சொட்டு மதுவைத் தொட்டறியாத மனுஷர், மறுநாள் அவர்கள் வீடு தேடிப் போய், தன் வேலை என்ன என்று முக்கால் மணி நேரம் விளக்க வேண்டியிருந்தது.

வேலை இதுதான். எஃகு ஆலையில் இரும்பைக் காய்ச்சி எடுத்த பிறகு அடியில் கசடு மிஞ்சும். ஆறினால் கல்லைப் போல இறுகிவிடும். அதை லாரியில் கொண்டுவந்து யார்டில் கொட்டுவார்கள், உடைப்பார்கள், காந்தத்தை ஓடவிட்டு ஒட்டியிருக்கும் இரும்பைப் பொறுக்கிக்கொள்வார்கள். மீதி ஜல்லி. மலையை வெடி வைத்து உடைத்து எடுக்கும் ஜல்லிக்கு அது ஒன்றும் குறைந்ததில்லை. ஒரே ஒரு சிக்கல். அதற்குள் வெந்த சுண்ணாம்பு ஒளிந்துகொண்டிருக்கும். ஈரம் பட்டால் ஊதும். அதனால் இரண்டு மாடி உயரத்துக்குக் குவித்து, வெயிலில் போட்டு, குறைந்தது ஆறு மாதம் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். குழாயைப் பிடித்துக்கொண்டு குவியல் குவியலாக நனைப்பதுதான் தண்ணிக்காரரின் வேலை.

முதலில் அங்கே சுமை தூக்கத்தான் சேர்ந்தார். இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு குழாயைக் கையில் கொடுத்தார்கள். பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. ஒவ்வொரு குவியலுக்கு முன்னாலும் ஒரு தகரப் பலகை நட்டு, கொட்டிய தேதியைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைப்பார். மழை அழித்தால் மறுபடி எழுதுவார். எந்தக் குவியல் எந்தப் பதத்தில் இருக்கிறது என்று அதிலிருந்து எழும் ஆவியைப் பார்த்தே சொல்லிவிடுவார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் பாடம் இரண்டே வரிதான்: "உள்ள இருக்கிற சுண்ணாம்புக்குத் தாகம். இங்கயே குடிச்சு முடிச்சுட்டா சமத்தா இருக்கும். இல்லன்னா போற இடத்துல குடிக்கும்."

சம்பந்திக்கும் அதையேதான் சொன்னார். அவர் சிரித்துவிட்டார். கல்யாணம் நடந்தது.

மகள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். மாப்பிள்ளை எலெக்ட்ரிஷியன். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத பிள்ளை. நாலு வருஷம் வாடகை வீடு மாறி மாறி அலுத்துப்போய், ஊருக்கு வெளியே கட்டிக்கொண்டிருந்த தொகுப்பு வீடுகளில் ஒன்றை வாங்கப் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். அந்த விளம்பரத் தாளை மகளுக்குக் கொண்டுவந்து கொடுத்ததே தண்ணிக்காரர்தான். ஆற்று மணல் இல்லை, மலைக் கல் இல்லை. அனல் நிலையத்துச் சாம்பலில் செய்த செங்கல், இடித்த கட்டடங்களின் கான்கிரீட்டை உடைத்த ஜல்லி, ஆலைக் கசடு என்று அதில் பட்டியலே போட்டிருந்தது. "வேண்டாம்னு தூக்கிப் போட்டதையெல்லாம் வச்சு வீடு கட்டுறாங்க பாரு. நம்ம யார்டு சரக்கும் போகுது" என்று அதை மனைவியிடம் நாலு தடவை படித்துக் காட்டினார். பதினெட்டு வருஷம் நனைத்தது ஒரு வீட்டுக்கு அடியில் போய்ச் சேருகிறது என்பதில் அவருக்கு ஒரு பெருமை. அதுவும் மகள் வீடாக இருந்தால் கேட்க வேண்டுமா?

பன்னிரண்டு வீடுகள் ஒரே வரிசையாக இருந்த பின்பக்கத்தை மகள் தேர்ந்தெடுத்தாள். சாலை இரைச்சல் எட்டாது என்பது அவள் கணக்கு.

அஸ்திவாரம் எழும்பிக்கொண்டிருந்த சமயம். ஒரு காலை தண்ணிக்காரர் யார்டுக்குள் நுழைந்தபோது நாலாம் நம்பர் குவியலில் பொக்லைன் ஏறி நின்றது. ஐந்து லாரிகள் வரிசை கட்டியிருந்தன. பலகையைப் பார்த்தார். கொட்டி எழுபத்தோரு நாள்தான் ஆகியிருந்தது. வெட்டிய இடத்திலிருந்து இன்னும் ஆவி வந்தது.

குழாயைக் கீழே போட்டுவிட்டு சூப்பர்வைசரிடம் போனார். "சார், நாலாம் நம்பர் இன்னும் ஆகல. ஒண்ணாம் நம்பர் ரெடியா இருக்கு, அதை எடுக்கச் சொல்லுங்க."

"ஒண்ணாம் நம்பர் வேற ஆர்டருக்கு. பில்லு போட்டாச்சு."

"அப்ப நாலு மாசம் பொறுக்கச் சொல்லுங்க சார்."

"பொறுக்கிறதா? அவங்க நேத்தே கேட்டாங்க. ரோட்டோரம் பள்ளம் நிரப்பத்தான்யா. கொஞ்சம் ஊதினா ரோடு மேடாகும், அவ்வளவுதான்." சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. மேலிடத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுகிறவர். அன்றும் போனைக் காதில் வைத்தபடி எழுந்து நின்றுகொண்டார்.

அன்று பரிசோதனைக்கு ஒரு மூட்டை போனது. எந்தக் குவியலிலிருந்து அள்ளினார்கள் என்பதைத் தண்ணிக்காரர் கண்ணால் பார்த்தார். ஒண்ணாம் நம்பரிலிருந்து. இடைவேளையில் ஆய்வகத்துப் பெண்ணிடம் போய்ச் சொன்னார். அவள் கையுறையைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டாள்.

"அண்ணே, எனக்கு வர்ற மூட்டையைத்தான் நான் சோதிக்க முடியும். மூட்டைல நாலுன்னு எழுதியிருக்கு. நீங்க சொல்றதை எந்தக் கட்டத்துல எழுதுறதுன்னு படிவத்துல இல்லையே."

அவ்வளவுதான். செவிடன் காதில் சங்கு ஊதினால்கூட அவன் ஊதுகிறவனின் கன்னத்தையாவது பார்ப்பான். மூன்றாம் நாள் நாலாம் நம்பர் இருந்த இடம் வெறும் ஈரத் தரையாக இருந்தது. பலகையைப் பிடுங்கித் துடைத்து வைத்தார். ரோட்டோரம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

எட்டு மாதம் கழித்து மகள் புது வீட்டுக்குக் குடி போனாள். சாமான் ஏற்ற, யார்டுக்கு ஓட்டும் லாரிக்காரரையே தண்ணிக்காரர் அழைத்திருந்தார். பீரோவை இறக்கி வைத்துவிட்டு, வாசலில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது லாரிக்காரர் அந்த வரிசையை ஒரு நோட்டம் விட்டார்.

"இந்த இடம் இப்படி ஆகும்னு யார் நினைச்சா? ஆளு உயரத்துக்குப் பள்ளமா கிடந்துச்சு. மூணு நாள் நான்தான் அடிச்சேன்."

"என்ன அடிச்சீங்க?"

"நம்ம சரக்குதான். நீங்ககூட அன்னிக்கு சூப்பர்வைசர்கிட்டப் போய் நின்னீங்களே, அந்தக் குவியல்."

தண்ணிக்காரர் தேநீர் டம்ளரைச் சுவர் மேல் வைத்தார். வைத்த கை அதிலேயே இருந்தது. உள்ளே மகள் யாரிடமோ, "அந்த மேசையைச் சன்னலோரமா போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் அத்தனை உற்சாகம். வெளிர் சாம்பல் நிற டைல்ஸ், அவளே கடைகடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்தது. அதன் மேல் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எல்லோரும் நடந்தார்கள். அவர் மட்டும் வாசற்படியைத் தாண்டவில்லை.

பேருந்தில் வீடு திரும்பும்போது மனைவியிடம் சொன்னார். அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்டிப்பா ஊதுமா?"

"ஈரம் உள்ள போனா ஊதும்."

"போகலன்னா?"

"தரைக்கு அடியில ஈரம் போகாம இருக்குமா?"

"கையெழுத்துப் போட்டு முடிச்சாச்சு. குடியும் வந்தாச்சு. இப்பப் போய்ச் சொன்னா அவ தூங்குவாளா? முதல்ல ஏதாவது ஆகட்டும், அப்புறம் பாக்கலாம்."

மனைவி சொன்னதில் நியாயம் இருந்தது. அவருடைய கோழைத்தனத்துக்கும் அது தோதாக இருந்தது. ஊமை கண்ட கனவைப் போல விஷயத்தை நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

ஆனால் கை சும்மா இருக்கவில்லை. வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். அவள் காய் வாங்கக் கடைக்குப் போகும் நேரம் பார்த்து, கொத்தனார் நூல் ஒன்றைக் கூடத்தின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை, தரைக்கு ஒரு சாண் மேலே இழுத்துக் கட்டுவார். சுவர்கள் தனி அஸ்திவாரத்தில் கெட்டி மண்ணில் நின்றன, அவை அசையாது. ஊதினால் நடுத் தரைதான் எழும்பும். நூலுக்கும் தரைக்கும் நடுவே டேப்பை வைத்து அளந்து, நூலை அவிழ்த்துச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொள்வார். நாலு மாதம் ஒரு மாற்றமும் இல்லை. ஒருவேளை தப்பித்தோமோ என்றுகூட நினைத்தார்.

பிறகு மழை வந்தது. பதினாறு நாள் விட்டுவிட்டுப் பெய்தது. யார்டில் அந்த நாட்களில் அவருக்கு வேலை இல்லை. வானமே குழாயைப் பிடித்துக்கொண்டது. கொட்டகையில் உட்கார்ந்து, குவியல்களிலிருந்து ஆவி எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை விட்டு இரண்டாம் வாரம் மகள் போனில் சொன்னாள்: "அப்பா, படுக்கையறைக் கதவு முக்கால்வாசி திறந்ததும் நின்னுடுது. மழைக்கு மரம் ஊதியிருக்கும்போல. தச்சரைக் கூப்பிடணும்."

"நான் வர்றேன்" என்றார்.

போய்ப் பார்த்தார். கதவின் கீழ்விளிம்பு டைல்ஸில் வளைவாக ஒரு கீறல் போட்டிருந்தது. மரத்தில் ஒரு குற்றமும் இல்லை. மகள் எதிரிலேயே பையிலிருந்து நூலை எடுத்துக் கட்டினார். நடுவில் அரை அங்குலம் குறைந்திருந்தது. மாப்பிள்ளை குனிந்து டேப்பைப் பார்த்தான். மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

அவர் சொன்னார். குவியல், எழுபத்தோரு நாள், லாரிக்காரர், எல்லாவற்றையும். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள் மகள்.

"குடி வந்த அன்னிக்கே."

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என்னைப் பாக்க வர்றீங்கன்னு நினைச்சேன்பா."

அவர் நூலை அவிழ்த்துச் சுருட்டினார். மாப்பிள்ளைதான், "விடு, மாமா மட்டும் என்ன பண்ணியிருக்க முடியும்?" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். இருந்தாலும் அந்தக் கேள்விதான் பின்னாளில் அவரைப் பிடித்துத் தின்றது. பொக்லைன் முன்னால் படுத்திருக்கலாமா? கட்டட அலுவலகத்துக்கு அன்றே ஓடியிருக்கலாமா? எங்கே போகிறது என்றாவது லாரிக்காரரை அன்றே கேட்டிருக்கலாமே. கேட்கத் தோன்றவில்லை. அதை நினைத்தால்தான் அவருக்குத் தாங்கவில்லை.

கட்டிய நிறுவனத்தின் அலுவலகத்துக்கு மூன்று பேரும் போனார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞன் மரியாதையானவன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். "சுவத்துல ஏதாவது விரிசல் இருக்கா?" என்றான். இல்லை. "கூரை ஒழுகுதா?" இல்லை. "அப்ப கட்டடம் சரியா இருக்கு சார்" என்று சிரித்தான். பரிசோதனைச் சான்றிதழின் நகலையும் எடுத்துக் காட்டினான். நாலாம் நம்பர் குவியல், ஊதும் தன்மை அனுமதித்த அளவுக்குள் என்று அதில் அச்சாகியிருந்தது. அந்த மூட்டையைத் தண்ணிக்காரருக்குத் தெரியும். அதைச் சொன்னார். அதையும் அவன் குறித்துக்கொண்டான்.

பலமுறை நடந்த பிறகு நிறுவனம் அனுப்பிய ஒரு பொறியாளர் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. அதற்குள் ஆள் குடியிருந்த எல்லா வீட்டிலும் ஏதாவது ஒரு கதவு மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டுச் சமையலறையில் டைல்ஸ் துப்பாக்கி வெடித்த மாதிரிச் சத்தத்தோடு எழும்பி நின்றுவிட்டது. அந்த அம்மா மகள் வீட்டுக் கூடத்தின் நடுவில் துளை போட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, கருஞ்சாம்பல் ஜல்லியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. தண்ணிக்காரர் விரலால் நசுக்கினார். மாவாக உதிர்ந்தது.

"நீங்க யார்டுல எத்தனை வருஷம்?" என்று கேட்டார் பொறியாளர்.

"இருபது ஆகப்போகுது மேடம்."

"அப்ப நீங்களே சொல்லுங்க. இது எப்ப நிக்கும்?"

"வெட்டவெளில குவியலா கிடந்தா ஆறேழு மாசத்துல அடங்கிடும். இப்படி மேல மூடி, ஈரம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போனா..." அவர் நிறுத்திக்கொண்டார். "எனக்குத் தெரியாது மேடம்."

"எனக்கும் தெரியாது" என்றார் அவர். "மூணு வருஷம் ஆகலாம். பத்தும் ஆகலாம். நல்ல பொருள்தான். ஆறு மாசம் பொறுத்திருந்தா இந்த வீடுகளைவிட உறுதியா எதுவும் இருந்திருக்காது." பையை மூடிக்கொண்டு, மன்னிப்புக் கேட்பவர்போல ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனார்.

அறிக்கை உண்மையாகவே எழுதியிருந்தார். அதில் வழியும் சொல்லியிருந்தார்: தரையை உடைத்து, ஆள் உயரத்துக்கு நிரப்பியதை முழுக்க அள்ளி, வேறு மண் நிரப்பி, மறுபடி தளம் போட வேண்டும். வீட்டுக்கு வீடு தடுப்பு இல்லாமல் ஒரே நிரப்பு என்பதால் பன்னிரண்டு வீட்டையும் சேர்த்துத்தான் செய்ய முடியும். நிறுவனம் மறுக்கவில்லை. பன்னிரண்டு குடும்பமும் ஒரே நேரத்தில் எட்டு மாதம் காலி செய்து கொடுத்தால் வேலையைத் தொடங்குவதாகக் கடிதம் அனுப்பியது. இரண்டு வீடு பூட்டிக் கிடந்தது, சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர். மற்றவர்களுக்குப் போக இடமில்லை. பன்னிரண்டு கையெழுத்து ஒரு நாளும் சேரப்போவதில்லை என்பது கடிதம் எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

அதைப் பேச வீட்டுக்காரர்கள் எல்லோரும் மகள் வீட்டில் கூடினார்கள். மேடாகிப்போன கூடத்தில் நாற்காலிகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன. பேச்சு சுற்றிச் சுற்றி வந்து ஒரு கட்டத்தில் தண்ணிக்காரர் மேல் நின்றது. "அந்தச் சரக்குக்குத் தண்ணி ஊத்தினது நீங்கதானே?" என்றார் எட்டாம் வீட்டுக்காரர். கோபமாகக்கூட இல்லை, தகவல் கேட்பதுபோல.

"ஆமா. நான்தான்."

"எழுபத்தோரு நாளும் ஒழுங்கா ஊத்தினீங்களா?"

மகள் எழுந்தாள். "எங்கப்பா ஒருநாள்கூடத் தவறவிட்டதில்ல" என்றாள். அந்த மழைக்குப் பிறகு அவள் அவருக்காகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒழுங்காகத்தான் ஊற்றினார். ஒழுங்காக ஊற்றி என்ன?

பிறகு யாரும் கூடவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று அவரவர் தச்சரை அழைத்துக் கதவுகளை அறுத்துக்கொண்டார்கள். மகள் வீட்டுப் படுக்கையறைக் கதவை இரண்டு வருஷத்தில் மூன்று முறை அறுத்தாயிற்று. அடியில் கை நுழையும். குளிர்சாதனப் பெட்டிக்கு முன்கால்களில் மாப்பிள்ளை மரத்துண்டு வைத்தான். மகள் வெளிர் சாம்பல் டைல்ஸை எடுத்துவிட்டு வெறும் சிமெண்டுப் பூச்சோடு விட்டுவிட்டாள். விரிசல் விட்டால் திரும்பப் பூசிக்கொள்ளலாம்.

யார்டில் சூப்பர்வைசர் மாறினார். அடுத்த மழைக்காலத்துக்கு முன்பு, நூற்றுப்பத்து நாளே ஆன ஏழாம் நம்பரில் பொக்லைன் ஏறியது. தண்ணிக்காரர் போய்ச் சொன்னார். பொறியாளரின் அறிக்கையை மகளிடம் நகல் வாங்கி வைத்திருந்தார், அதையும் காட்டினார். புது சூப்பர்வைசர் முழுக்கப் படித்துவிட்டு, "நியாயம்தான். மேல சொல்றேன்" என்றார். சொல்லவும் சொன்னார். மறுநாள் பொக்லைன் வேலையைத் தொடர்ந்தது. லாரிகள் கிளம்பும்போது ஒவ்வொரு ஓட்டுநரிடமும் எங்கே போகிறது என்று கேட்டார். ஒருவர்தான் பதில் சொன்னார்: "எனக்கே பாதி வழியில போன் போட்டுத்தாண்ணே சொல்வாங்க." அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் மகள் வீட்டுக்குப் போகிறார். நூலைக் கொண்டுபோவதில்லை. "அளந்தா நிக்குமாப்பா? சும்மா வந்து உக்காருங்க" என்று அவள் ஒருநாள் சொல்லிவிட்டாள். சும்மா உட்காருவது அவருக்குக் குழாய் பிடிப்பதைவிடக் கடினமாக இருக்கிறது.

போன மாதம் அப்படி உட்கார்ந்திருந்தபோது, பூட்டிக் கிடந்த பத்தாம் வீட்டைப் பார்க்க ஒரு பெண் வந்தாள். கைக்குழந்தையும் அவளுடைய அம்மாவும் கூட. வெளிநாட்டிலிருந்த சொந்தக்காரர் சாவியை மகளிடம் விட்டிருந்தார். மகள் கடையிலிருந்து வரவில்லை என்பதால் தண்ணிக்காரர்தான் திறந்துவிடப் போனார். ஆள் இல்லாத வீடு. கதவை யாரும் அறுத்திருக்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளியும் பாதிதான் திறந்தது. பக்கவாட்டில் நுழைந்து போனார்கள்.

"வீடு எப்படிங்க? வாடகை ரொம்பக் குறைச்சலா சொல்றாங்களே" என்றாள் அந்தப் பெண்.

இந்த முறை அவர் வாயை மூடவில்லை. வாசற்படியில் நின்றபடியே அடியில் இருப்பது என்ன, ஏன் எழும்புகிறது, இன்னும் எத்தனை வருஷம் எழும்பும் என்று யாருக்கும் தெரியாது என்பதுவரை எல்லாவற்றையும் சொன்னார். அவள் குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள். நடுக்கூடத்து மேட்டைக் காலால் தடவிப் பார்த்தாள்.

"இடிஞ்சு விழுமா?"

"விழாதும்மா. சுவர் கெட்டி."

"அப்புறம் என்னங்க. இப்ப இருக்கிற இடத்துல மழை வந்தா முழங்கால் தண்ணி. இது மேடுதானே" என்றாள். அவளுடைய அம்மா அதற்குள் சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறு ஞாயிறே குடி வந்துவிட்டார்கள். தண்ணிக்காரர் மாப்பிள்ளையோடு போய்க் கதவைக் கழற்றி, அடியை அறுத்து மாட்டிக் கொடுத்தார். கட்டிலை நடுக்கூடத்தில் போடப் போனவர்களைத் தடுத்து, "சுவரோரமா தள்ளிப் போடுங்கம்மா. ஓரம் அவ்வளவா எழும்பாது" என்று ஒரு முனையைத் தானே பிடித்தார். இடுப்பு வலித்தது. தொட்டில் எங்கே கட்டுவது என்று அந்தப் பெண் கேட்டாள். கூரைக் கொக்கியைக் காட்டினார்.